மூளைக்கே நேரா மருந்து: தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்ல எங்கிட்ட கேட்ட கேள்விகள்

வடசென்னை தண்டையார்பேட்டைல ஒரு மெடிக்கல் ஷாப்ல 14 வருஷமா பார்மசிஸ்டா இருக்கேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரில இருந்தும் பெரியாஸ்பத்திரியான ஜி.எச்.ல இருந்தும் சீட்டு எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு வர்றவங்க நிறைய பேரு, மருந்து வாங்குறதை விட "டாக்டர் ஏதோ முதுகுல போடணும்னாரு, தலைல போடணும்னாரு, இன்னான்னு சொல்லுங்க தம்பி"ன்னு கேக்கத்தான் வர்றாங்க. அங்க டாக்டருக்கு முன்னாடி நூறு பேரு நிக்கிறாங்க, நின்னு விளக்க அவருக்கு நேரம் இல்ல, இவங்களுக்கும் அங்க வாய் வரல. அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்க எழுதி வெக்கிறேன். நான் டாக்டர் இல்ல, எந்த முடிவும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்.

மாத்திரை போட்டா மூளைக்கு போகாதா? எதுக்கு முதுகுல, தலைல எல்லாம் ஊசி?

எல்லா மாத்திரையும் ரத்தத்துக்கு போகும், ஆனா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போறதுதான் கஷ்டம். நம்ம ஹார்பரையே எடுத்துக்கங்க, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி எத்தன கிலோமீட்டர் வரிசைல நின்னாலும் பாஸ் இல்லாம ஜீரோ கேட்டை தாண்ட முடியுமா? மூளைக்கும் அப்படி ஒரு கேட் இருக்கு, ரத்த-மூளைத் தடுப்புன்னு பேரு. மத்த இடத்துல எல்லாம் ரத்தக்குழாய் சுவர்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சின்ன சந்து இருக்கும், மருந்து அது வழியா கசிஞ்சு வெளிய போயிடும். மூளைல ஓடுற நுண் குழாய்ல அந்த சந்தே கிடையாது, செல்லுங்க இறுக்கமா ஒட்டி தச்ச மாதிரி இருக்கும். அதையும் மீறி உள்ள நுழையுற மருந்தை பிடிச்சு திரும்ப ரத்தத்துக்கே தள்ளி விடுற பம்புகளும் அந்த செல்லுலயே இருக்கு.

இதை முதல்ல கவனிச்சது ஜெர்மனில பால் எர்லிக். 1885 வாக்குல பிராணிங்க ரத்தத்துல சாயத்தை ஏத்தி பாத்தாரு, ஈரல், கிட்னி, சதை எல்லாம் சாயம் ஏறிடுச்சு, மூளை மட்டும் வெள்ளையாவே இருந்துச்சு. அவரு மூளைக்கு சாயத்தை இழுக்குற குணம் இல்லன்னு நெனச்சாரு. அவருகூட வேலை பாத்த எட்வின் கோல்ட்மன் 1913ல அதே மாதிரி சாயத்தை மூளையை சுத்தி இருக்குற தண்ணிக்குள்ளயே நேரா விட்டாரு, இப்ப மூளை சாயம் ஏறிடுச்சு, உடம்பு ஏறல. அதாவது மூளைக்கு சாயம் பிடிக்காம இல்ல, நடுவுல ஏதோ தடுக்குது. முதுகு வழியா, தலை வழியா மருந்து போடுறாங்கன்னா அதுக்கு அடிப்படை இந்த சோதனைதான். கேட்டை தாண்ட முடியலன்னா கேட்டுக்கு அந்தப் பக்கமே போய் இறக்கிடணும்.

அப்ப தூக்க மாத்திரை, சரக்கு எல்லாம் எப்படி ஏறுது?

மருந்தோட மூலக்கூறு சின்னதா இருந்து கொழுப்புல கரையுறதா இருந்தா செல் சுவர் வழியாவே நழுவி போயிடும். சாராயம், சிகரெட் நிகோடின், மயக்க மருந்து எல்லாம் அப்படித்தான், அதான் சீக்கிரமே தலைக்கு ஏறுது. பெரிய மூலக்கூறு, தண்ணில கரையுறது, புரதம், ஜீன் மருந்து, இதெல்லாம் வெளியவே நிக்கும்.

எங்கப்பாவுக்கு கை உதறல், பார்கின்சன்னு சொல்லிட்டாங்க. டோபமைன் கம்மியாம். அந்த டோபமைனையே ஊசியா போட்டா இன்னா?

இது எங்க வீட்டு கதை. எங்க நைனா ஹார்பர்ல வேலை பாத்தவரு, ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷத்துல வலது கை உதற ஆரம்பிச்சுது, டீ கிளாஸை பிடிக்க முடியாது. நானும் இதே கேள்வியத்தான் படிக்கிறப்ப கேட்டேன். டோபமைனை ரத்தத்துல ஏத்தலாம், ஐ.சி.யூ.ல பிரஷர் இறங்குனவங்களுக்கு ஏத்துவாங்க, ஆனா அது இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் வேலை செய்யும், மூளைக்குள்ள ஒரு துளி போகாது.

அதுக்கு கண்டுபிடிச்ச வழிதான் லீவோடோபா. இது டோபமைன் ஆகுறதுக்கு ஒரு படி முன்னாடி இருக்குற பொருள், பாக்க அமினோ அமிலம் மாதிரியே இருக்கும். சாப்பாட்டுல இருந்து வர்ற அமினோ அமிலம் மூளைக்கு வேணும்ல, அதுக்குன்னு தனி வாசல் இருக்கு, லீவோடோபா அந்த வாசல்ல நுழைஞ்சு உள்ள போய் டோபமைனா மாறிடும். வெளியவே மாறிட்டா வீணாப்போயிடும், வாந்தியும் வரும், அதான் கூடவே கார்பிடோபா சேத்து மாத்திரை பண்றாங்க. சின்டோபா 110ன்னு வாங்குறீங்கள்ல, அதுல 100 மில்லிகிராம் லீவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா.

இத தெரிஞ்சிக்கிட்டா ஒரு விஷயம் புரியும். எங்க நைனா காசிமேட்டுல இருந்து வஞ்சிரம் வந்த அன்னிக்கு வயிறு நிறைய சாப்பிட்டு அதோடயே மாத்திரையும் போடுவாரு, சாயந்திரம் வரைக்கும் கை கால் கட்டிப்போட்ட மாதிரி கெடப்பாரு, மாத்திரை டூப்ளிகேட்னு என்னையே திட்டுவாரு. மீன், முட்டை, பருப்புல இருந்து வர்ற அமினோ அமிலமும் அதே வாசல்லதான் வரிசைல நிக்குது, கூட்டத்துல மாத்திரைக்கு எடம் கிடைக்கல, அவ்ளோதான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, இல்ல ஒரு மணி நேரம் கழிச்சுன்னு மாத்தினோம், மறுவாரமே வித்தியாசம் தெரிஞ்சுது. மீனை நிறுத்த வேணாம், நேரத்தை மாத்துங்க. மாத்திரை நேரத்தையும் அளவையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

நாட்டு மருந்து கடைல பூனைக்காலி விதை பவுடர் விக்கிறாங்க, அதுல நிஜமாவே லீவோடோபா இருக்கு. இருக்குறதாலதான் பயமே, மாத்திரையும் போட்டு பவுடரும் போட்டா எவ்ளோ போகுதுன்னு யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு தெரியாம சேக்காதீங்க.

முதுகுல தண்ணி எடுத்தா, ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமாமே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

எங்க சித்தி பையனுக்கு பத்து நாளா காய்ச்சல், தலைவலி, அப்புறம் ஆளையே தெரியாம பேச ஆரம்பிச்சான். ஆஸ்பத்திரில மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்கு, முதுகுல தண்ணி எடுத்து பாக்கணும்னாங்க. தெருவுல இருந்த பெரியவங்க எல்லாம் கூடி "வேணாம், இன்னாருக்கு எடுத்து கால் போச்சு"ன்னு சொல்ல, சித்தப்பா கையெழுத்து போடல. ரெண்டு நாள். மூணாம் நாள் ஃபிட்ஸ் வந்தப்புறம்தான் போட்டாரு. டி.பி. மூளைக்காய்ச்சல். பிழைச்சிட்டான், ஆனா இடது காலை இழுத்துதான் நடக்குறான். இன்னிக்கும் தெருவுல அந்த ஊசியாலதான் கால் போச்சுன்னு சொல்றாங்க. ஊசியால இல்லீங்க. அந்த நோய் மூளையோட ரத்தக்குழாயை அடைச்சு பக்கவாதம் கொண்டு வரும், சிகிச்சை லேட் ஆக ஆக அது கூடும். எங்களுக்கு அன்னிக்கு யாரும் இதை உக்காந்து சொல்லல, நானும் அப்ப படிச்சிக்கிட்டு இருந்தேன், பெரியவங்க முன்னாடி பேச தைரியம் இல்ல. அது இன்னும் உறுத்துது.

ஊசி எங்க குத்துறாங்கன்னு தெரிஞ்சா பயம் போயிடும். தண்டுவடம் முதுகு முழுக்க கிடையாது, பெரியவங்களுக்கு முதுகெலும்போட இடுப்பு பகுதில முதல் ரெண்டு எலும்பு கிட்டயே முடிஞ்சிடும். ஊசி குத்துறது அதுக்கும் கீழ, மூணாவது நாலாவது, இல்ல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல. அங்க மூளையை சுத்தி இருக்குற அதே தண்ணியும் அதுல மிதக்குற நரம்பு இழைங்களும்தான் இருக்கு, பாயசத்துல சேமியா மாதிரி, ஊசி போனா ஒதுங்கிடும். கைக்குழந்தைக்கு தண்டுவடம் இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் இருக்கும், அதனால இன்னும் கீழதான் குத்துவாங்க. சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டுக்கிட்ட எத்தன பேரு நம்ம தெருவுல நடந்துக்கிட்டு இருக்காங்க, அதே இடம்தான் அது.

எடுத்த தண்ணி போயிடுமேன்னும் கேப்பாங்க. பெரியவங்களுக்கு அந்த தண்ணி மொத்தமே 150 மில்லிதான், ஆனா உடம்பு ஒரு நாளைக்கு 500 மில்லி கிட்ட புதுசா சுரக்குது. எடுக்குற ஏதோ சில மில்லி கொஞ்ச நேரத்துல ஊறிடும்.

ஒண்ணுமே ஆகாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு நாள் தலைவலி சிலருக்கு வரும், உக்காந்தா கூடும் படுத்தா குறையும். தலைக்குள்ள பிரஷர் ஏறி இருந்தாலோ, கட்டி இருந்தாலோ, ரத்தம் உறையாத மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாலோ எடுக்குறது ஆபத்து, அதான் முன்னாடி ஸ்கேன் பாக்குறது, மாத்திரை சீட்டு கேக்குறது எல்லாம். ரத்தம் இளகுற மாத்திரை போடுறீங்கன்னா அவங்க கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

டி.பி. மூளைக்காய்ச்சலுக்கு முதுகு வழியாவா மருந்து?

வழக்கமா இல்ல, வாய் வழியாதான். ஐசோநயாசிட், பைரசினமைடு ரெண்டும் கேட்டை நல்லா தாண்டும், ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் தாண்டும். பென்சிலின் மாதிரி மருந்து சாதாரணமா உள்ள போகாது, ஆனா காய்ச்சல்ல மூளை உறை வீங்கி இருக்குறப்ப கேட் தளர்ந்து போயிடுது, அப்ப போகும். நுரையீரல் டி.பி.க்கு 6 மாசம்னா இதுக்கு 9ல இருந்து 12 மாசம் வரைக்கும். நடுவுல நல்லாயிட்டான்னு நிறுத்திடாதீங்க.

அப்ப முதுகு வழியா என்னென்ன மருந்து போடுவாங்க?

நம்ம பக்கம் அதிகமா பாக்குறது ரத்தப்புற்று வந்த பிள்ளைங்களுக்கு மெத்தோட்ரெக்சேட். கீமோ டிரிப்ஸ்ல உடம்பு முழுக்க புற்றுசெல் செத்தாலும் மூளைத் தண்ணில போய் ஒளிஞ்சிக்கிட்டது சாகாது, ஏன்னா கீமோ மருந்து கேட்டை சரியா தாண்டல. "ரத்தத்துல இப்ப புற்று சுத்தமா இல்லன்னு சொன்னாங்க, திரும்ப எதுக்கு முதுகுல குத்துறாங்க"ன்னு ஒரு அக்கா அழுதாங்க. அந்த ஒளிஞ்சு நிக்கிறதுக்காகத்தான் அக்கா.

எஸ்.எம்.ஏ.ன்னு பிள்ளைங்களுக்கு வர்ற, தசை சுருங்குற நரம்பு நோய்க்கு நுசினெர்சன், 2016 டிசம்பர்ல அமெரிக்கால அனுமதி கிடைச்சது. முதல் ரெண்டு மாசத்துல 4 தடவை, அப்புறம் 4 மாசத்துக்கு ஒரு தடவை ஆயுசு முழுக்க முதுகு வழியா. ஏ.எல்.எஸ்.னு தசையை இயக்குற நரம்பு செல்லுங்க சாகுற நோய்ல, எஸ்.ஓ.டி.1ங்குற ஜீன்ல பிழை இருக்குற கொஞ்ச பேருக்கு மட்டும் டோஃபெர்சன், 2023ல வந்துச்சு.

கை கால் விறைப்பு ரொம்ப இருக்குறவங்களுக்கு பாக்லோஃபென் பம்ப் இருக்கு. வயித்து தோலுக்கு அடியில ஒரு சின்ன பம்ப், அதுல இருந்து மெல்லிய குழாய் முதுகுத் தண்ணிக்குள்ள. மாத்திரையா போட்டா தூங்கிக்கிட்டே இருப்பாங்க, நேரா விட்டா ரொம்ப ரொம்ப சின்ன அளவே போதும். ஆனா பம்ப்ல மருந்து தீந்துபோய் திடீர்னு நின்னுட்டா உயிருக்கே ஆபத்து, ரீஃபில் தேதியை காலண்டர்ல பெருசா எழுதி மாட்டணும்.

காசிமேட்டுக்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சங்கு வகைல கூம்பு மாதிரி ஒரு நத்தை இருக்கு, விஷத்தால மீனையே குத்தி பிடிக்கும். பசிபிக் பக்கம் இருக்குற அந்த மாதிரி நத்தை ஒண்ணோட விஷத்தை பாத்து செஞ்சதுதான் சிகோனோடைடுன்னு ஒரு வலி மருந்து, 2004ல அனுமதி ஆச்சு. எந்த மருந்துக்கும் அடங்காத வலிக்கு. அதை முதுகுத் தண்ணிக்குள்ள மட்டும்தான் விட முடியும், ரத்தத்துல போனா பிரஷர் இறங்கிடும்.

தப்பான மருந்து முதுகுல போயிட்டா?

இது நடந்திருக்கு, உலகம் முழுக்க. வின்கிறிஸ்டின்னு ஒரு கீமோ மருந்து ரத்தக்குழாய் வழியா மட்டும்தான் ஏத்தணும், முதுகுல போனா பெரும்பாலும் உயிர் போயிடும். மெத்தோட்ரெக்சேட்டும் வின்கிறிஸ்டினும் ஒரே நாள்ல ஒரே பிள்ளைக்கு வர்றதாலதான் கை மாறுது. உலக சுகாதார நிறுவனம் 2007ல இதுக்குன்னே எச்சரிக்கை விட்டாங்க. வின்கிறிஸ்டினை சிரிஞ்ச்ல கொடுக்காம சின்ன டிரிப்ஸ் பையில கலந்து கொடுக்க சொல்றது அதுக்குத்தான், பையை யாரும் முதுகுல குத்த மாட்டாங்கல்ல. அதனால சிஸ்டர் முதுகு ஊசிக்கு முன்னாடி மருந்து பேரை சத்தமா ரெண்டு தடவை படிச்சா எரிச்சல் படாதீங்க. படிக்கலன்னா "ஒரு தடவை பேர் சொல்லுங்க சிஸ்டர்"னு நீங்க கேக்கலாம், தப்பே இல்ல.

தலைல தோலுக்கு கீழ பட்டன் மாதிரி ஒண்ணு வெக்கணும்னாங்க, இன்னாது அது?

ஓமயா ரிசர்வாயர். இப்ப பாகிஸ்தானா இருக்குற பகுதில பொறந்த அயூப் ஓமயாங்குற டாக்டர் 1963ல கொண்டு வந்தது. ஒரு ரூபா காசு அளவுக்கு மெத்துன்னு ஒரு குமிழ், அதுல இருந்து ஒரு குழாய் மூளைக்கு நடுவுல தண்ணி இருக்குற அறைக்குள்ள போகும். ஒரு தடவை ஆபரேஷன் பண்ணி வெச்சிட்டா, ஒவ்வொரு தடவையும் முதுகுல குத்தாம தலைத்தோல் வழியா சின்ன ஊசில மருந்து விட்டுடலாம். முடி வளந்தா வெளிய தெரியாது. பயப்பட வேண்டியது தொற்றுக்குத்தான், காய்ச்சல், அந்த இடம் சிவந்து வீங்குறது வந்தா அன்னிக்கே ஓடணும்.

நியூஸ்ல பதினாறு கோடி ஊசின்னாங்களே, அது மூளைக்குள்ளயா?

இல்ல, சாதாரணமா கை ரத்தக்குழாய்ல ஏத்துறதுதான். 2021ல நம்ம தமிழ்நாட்டுலயே எஸ்.எம்.ஏ. பிள்ளைக்காக ஊரே காசு சேத்தது ஞாபகம் இருக்கும். ஏ.ஏ.வி.9னு ஒரு வைரஸை காலி பண்ணி அதுக்குள்ள நல்ல ஜீனை வெச்சு அனுப்புறாங்க, அந்த வைரஸுக்கு கேட்டை தாண்டுற திறமை இருக்கு. அதே நோய்க்கு வாய்ல குடிக்கிற ரிஸ்டிப்லாமும் இருக்கு. பாருங்க, ஒரே நோய்க்கு முதுகு ஒரு வழி, ரத்தக்குழாய் ஒரு வழி, வாய் ஒரு வழி. எந்த வழி, ஏன் அந்த வழின்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அந்த ஒரு கேள்வி கேட்டாலே பாதி விஷயம் புரிஞ்சிடும். அரிய நோய்களுக்கு மத்திய அரசு திட்டத்துல குறிப்பிட்ட மையங்கள் வழியா 50 லட்சம் வரைக்கும் உதவி இருக்கு, அதையும் கேளுங்க. விலை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

மண்டைல ஓட்டை போட்டு மூளைக்குள்ளயே மருந்து விடுவாங்களா?

விடுவாங்க. மூளைக்கு தனியா வலி தெரியாது, தோலும் எலும்பு உறையும்தான் வலிக்கும். மில்லிமீட்டர் கணக்குல குறி பாத்து உள்ள போற ஸ்டீரியோடாக்டிக் ஆபரேஷன் நம்ம மெட்ராசுக்கு புதுசு இல்ல. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல ஜி.எச்.ல நியூரோசர்ஜரி ஆரம்பிச்சாரு, ஆசியாவோட முதல் பெண் நியூரோசர்ஜன்கள்ல ஒருத்தரான டாக்டர் டி. எஸ். கனகா அங்கதான் இந்த மாதிரி ஆபரேஷன் எல்லாம் பண்ணாங்க. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்லயே இப்படி ஒரு சரித்திரம் இருக்குன்னு நம்ம பசங்களுக்கு சொல்லணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

கஷ்டம் எங்கன்னா, உள்ள விட்ட மருந்து அங்கயே நிக்கும், தானா சில மில்லிமீட்டர்தான் பரவும். கட்டியை எடுத்த பள்ளத்துல கார்முஸ்டின்ங்குற கீமோ மருந்து கலந்த சின்ன வில்லைங்களை வெச்சு மூடுற முறை 1996ல வந்துச்சு, வில்லை கரைஞ்சு மருந்து விடும், ஆனா சுத்தி கொஞ்ச தூரம்தான். இன்னும் தூரம் பரவணும்னுதான், மெல்லிய குழாய் வெச்சு ரொம்ப மெதுவா பிரஷர்ல தள்ளி பரவ விடுற முறையை அதுக்கு முன்னாடியே 1994ல அமெரிக்கால கண்டுபிடிச்சிருந்தாங்க.

பார்கின்சனுக்கு ஜி.டி.என்.எஃப்.னு ஒரு புரதம். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல 2003ல அஞ்சு பேருக்கு விட்டு நல்ல முன்னேற்றம்னு வந்தப்ப எல்லாரும் துள்ளி குதிச்சாங்க. அப்புறம் காதுக்கு பின்னாடி ஒரு போர்ட் வெச்சு 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 41 பேருக்கு சோதனை பண்ணி 2019ல முடிவு சொன்னாங்க. ஸ்கேன்ல மாற்றம் தெரிஞ்சுது, ஆனா வெறும் திரவம் விட்டவங்களோட ஒப்பிட்டா நடை, கை அசைவுல நம்புற அளவுக்கு வித்தியாசம் இல்ல. நைனாவுக்காக அந்த செய்தியை நான் எத்தனையோ ராத்திரி தேடி படிச்சிருக்கேன், அன்னிக்கு மனசு விட்டுப்போச்சு.

ஆனா இன்னொரு பக்கம் ஜெயிச்சிருக்கு. நான் மேல சொன்னேன்ல, லீவோடோபா உள்ள போய் டோபமைனா மாறும்னு, அதை மாத்துற என்சைமே இல்லாம பொறக்குற பிள்ளைங்க இருக்காங்க. தலையே நிக்காது, கண்ணு மேல சொருகிக்கும். தைவான் டாக்டர்ங்க அந்த ஜீனை வைரஸ்ல வெச்சு நேரா மூளைக்குள்ள புட்டாமென்ங்குற இடத்துல விட்டாங்க, ஒரே ஒரு தடவை. தலை நிக்காத பிள்ளைங்க உக்காந்துச்சு, சிலது நடந்துச்சு. ஐரோப்பால 2022லயும், அமெரிக்கால 2024 நவம்பர்லயும் அனுமதி ஆச்சு, அமெரிக்கால மூளைக்குள்ளயே நேரா விடுற ஜீன் மருந்துன்னு அனுமதி வாங்குன முதல் மருந்து அதுதான்.

ஓட்டை போடாம கேட்டையே திறக்க முடியாதா?

கொஞ்ச நேரத்துக்கு திறக்கலாம். மேனிடால்னு அடர்த்தியான ஒரு திரவத்தை மூளைக்கு போற ரத்தக்குழாய்ல ஏத்தினா செல்லுங்க சுருங்கி சந்து விடும், அது பழைய முறை. இப்ப ரத்தத்துல மிக சின்ன குமிழிகளை விட்டு வெளிய இருந்து அல்ட்ராசவுண்டை ஒரு இடத்துல குவிக்கிறாங்க, குமிழி துடிச்சு அந்த இடத்துல மட்டும் கேட் சில மணி நேரம் தளரும். 2015ல டொரன்டோல மூளைக்கட்டி நோயாளிக்கு முதல் தடவை பண்ணாங்க, அல்சைமர்லயும் சோதனை நடக்குது. இன்னொன்னு, மூளைக்கு இரும்புச்சத்து போற வாசல்ல ஒட்டிக்கிட்டு போற மாதிரி மருந்தையே மாத்தி செய்யுறது. ஹன்டர்னு ஒரு அரிய பரம்பரை நோய்க்கு ஜப்பான்ல 2021ல அப்படி ஒரு மருந்து அனுமதி ஆகிடுச்சு.

ஒருத்தர் முதுகு வழியா ஸ்டெம் செல் போட்டா ஆட்டிசம், பக்கவாதம் எல்லாம் சரியாகும்னு சில லட்சம் கேக்குறாரு. போடலாமா?

வேணாம். கெஞ்சி கேக்குறேன், வேணாம். நம்ம நாட்டோட 2017 வழிமுறைப்படி ரத்த நோய்களுக்கு பண்ற ஸ்டெம் செல் மாற்று தவிர மத்தது எல்லாம் சோதனை நிலைதான். முறையான சோதனைன்னா பதிவு எண் இருக்கும், நெறிமுறை கமிட்டி இருக்கும், உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. காசு கேட்டாலே அது சோதனை இல்ல, வியாபாரம். எங்க கடைக்கு வர்ற ஒரு அம்மா தாலியை அடகு வெச்சு போட்டாங்க, பையன் அப்படியேதான் இருக்கான்.

ஃபிட்ஸ் வந்தா மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே நேரா மூளைக்கு போகுதா?

மிடசோலம் ஸ்ப்ரே. மூக்கு தோல் வழியா ரத்தத்துக்குதான் முதல்ல போகுது, அது கொழுப்புல கரையுறதால கேட்டை சட்டுனு தாண்டிடுது, அதான் அவ்ளோ வேகம். டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டோம், எத்தன ஸ்ப்ரே, எந்தெந்த மூக்குலன்னு சீட்டுல எடைக்கு ஏத்த மாதிரி எழுதி இருக்கும். ஃபிட்ஸ் வந்தா ஒருக்களிச்சு படுக்க வெச்சு நேரத்தை பாருங்க, கைல சாவிக்கொத்து கொடுக்காதீங்க, வாய்ல ஸ்பூன் விடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. 5 நிமிஷம் தாண்டினா ஸ்ப்ரே, கூடவே 108. வாங்குன அன்னிக்கே சீல் பிரிக்காம எங்கிட்ட கொண்டு வாங்க, எப்படி பிடிக்கணும்னு கைல வெச்சு காட்டுறேன், வீட்டுல இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க, ஏன்னா ஃபிட்ஸ் வர்றப்ப நீங்க குழாயடில இருக்கலாம்.